காவுதலும் ஆறுதலும்

கனடா தேசத்து ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையின் மகன், கடந்த சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றிலே தொலைபேசியில் அழைத்து, "மாமா, போர்ட்டேஜ் என்பதற்குத் தமிழிலே என்ன சொல்?" என்று கேட்டான். அவன் சொற்கேட்டு அழைப்பது புதிதன்று. மூன்று வயதில் இம்மண்ணை விட்டுப் போனவன். தன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும்போது இடறுகின்ற சொற்களையெல்லாம் ஒரு தாளிற் குறித்துவைத்துக்கொண்டு என்னிடம் வருவான். அவை பெரும்பாலும் அடுக்களைச் சொற்களாகவோ உறவுமுறைச் சொற்களாகவோ இருக்கும். இம்முறை வந்ததோ காட்டுச் சொல். பொருளறியாமற் சொல் வழங்கலாகாது என்பது எங்கள் ஆசிரியர் எங்களுக்கு இட்ட கட்டளை. ஆதலால், "முதலில் அது யாதென்று விளங்கச் சொல்லு, தம்பி" என்றேன்.

விளங்கச் சொன்னான். ஒன்ராறியோ மாகாணத்தின் பெரும்பகுதி நீரும் காடும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கும் பூமி. 1893 ஆம் ஆண்டில் அரசு காப்பிடமாக ஒதுக்கிய அல்கொன்குவின் பூங்காவில் மாத்திரம் ஏரிகள் ஆயிரத்துக்கு மேல். கோடை விடுமுறையில் மக்கள் கனூ எனப்படும் ஒடுங்கிய தோணிகளிலே துடுப்பு வலித்து ஏரிக்கு ஏரி செல்வர். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடும். அல்லது ஆறானது பாறைகளிற் பாய்ந்து, தோணியை உடைக்கும் வேகங்கொள்ளும். அவ்விடத்திலே கரையேறி, நீரிலே தம்மைச் சுமந்துவந்த தோணியைத் தரையிலே தாம் சுமந்து, கூடாரத்தையும் உணவு மூட்டையையும் முதுகிலேற்றி, அடுத்த நீர்நிலைவரை நடக்கவேண்டும். அந்த நடைக்கும் அந்தப் பாதைக்கும் ஒரே பெயர், போர்ட்டேஜ். சுமத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின்வழி வந்தது. ஒவ்வொரு பாதையின் தலைப்பிலும் பலகை நட்டு, இத்தனை மீற்றர் என்று எழுதி வைத்திருப்பார்களாம்.

"போன வருசம் இரண்டு கிலோமீற்றர் பாதை ஒன்றிலே அரைநாள் போய்விட்டது, மாமா. மனிசியும் நானும் மூன்று நடை நடந்தோம். கடைசி நடைக்குள்ளே பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். இந்த வருசம் எப்படியாவது நேரத்தை மிச்சம்பிடிக்க வேண்டும்" என்று தன் குறையையுஞ் சேர்த்துச் சொன்னான்.

நான் நன்னூல் நடத்துகிறவன். கனூவைப் படத்திலன்றிக் கண்டவனல்லன். ஆயினும், அவன் சொன்ன குறை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

"காவுதல் என்று சொல்லு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "அது அம்மா சொல்லுகிற சொல்லல்லவா, மாமா? காருக்குள்ளே இருக்கிற சாமானைக் காவிக்கொண்டு வா என்பா."

அதுவேதான். தமிழகத்துப் பேச்சிலே பெரிதும் அருகிவிட்டு, நம் குடாநாட்டு வாயில் இன்றும் உயிரோடிருக்கின்ற பழஞ்சொற்களுள் இஃது ஒன்று. கா என்பது, தோளிலே வைத்து இரு முனையிலும் சுமையைத் தொங்கவிடுந் தண்டு. பாணர்கள் தம் இசைக்கலங்களைக் காவிலே தூக்கிக்கொண்டு ஊரூராகச் சென்றமையைப் புறநானூற்றிலே காண்கிறோம். முருகனுக்கு எடுக்குங் காவடியும் அக்காவே. காவுதடி, காவுதல் எல்லாம் அதன் கிளைகள். ஒரு புறத்துச் சுமை மறுபுறத்துச் சுமையைத் தாங்க, முதுகு வளையாமல், தண்டின் துள்ளலுக்கு இசையக் காலடி வைத்து நடந்துபோகும் வித்தை அது. தலைச்சுமைக்குச் சும்மாடு, தோட்சுமைக்குக் காவுதடி. வெறுந்தலையிலும் வெறுந்தோளிலும் பாரம் ஏற்றுபவனை நம் கிழவர்கள் வேலை தெரியாதவன் என்றே சொல்வர்.

கனடாக்காரனும் வேலை தெரிந்தவனே. தோணியின் நடுவிலே குறுக்காக ஒரு மரம் இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் இசையக் குடைந்தது. தோணியைக் கவிழ்த்துத் தலைக்குமேற் கொண்டு, அம்மரத்தைத் தோளில் ஏற்றினால் ஒருவனே தூக்கிச் செல்லலாம். அம்மரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் நுகம். எருதின் கழுத்தில் நாம் வைப்பதை அவர்கள் தம் கழுத்திலே வைத்துக்கொண்டார்கள். நுகமானது பாரத்தின் நடுப்புள்ளிக்குச் சிறிது முன்னாக அமைந்தால், பின்புறம் சற்றே கனத்து முன்மூக்கு நிமிரும். நடப்பவனுக்கு வழி தெரியும். கெவ்லர் என்னும் செயற்கை இழையாற் செய்த தோணி இருபது கிலோவளவில் அடங்கும். பழைய அலுமினியத் தோணி முப்பதைத் தாண்டும். அந்தப் பத்துக் கிலோ வித்தியாசத்துக்காக அவர்கள் கொடுக்கும் விலையை மருமகன் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

தோணியைக் காவுவதென்றால் நம் கரையார்க்குப் புதுமையா? கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காவிச் சென்று வெயிலிலே உலர்த்தினார்கள் முன்னையோர். கடலிலே ஒன்றாயிருந்து, கரையிலே பல சுமைகளாகப் பிரிந்து, ஒவ்வொருவன் தோளுக்கும் அளவாக அமையுங் கலம் அது. ஆங்கிலேயர் அச்சொல்லைக் கற்றமறான் என்று கொண்டுபோய், அவிழ்க்கவே முடியாத இரட்டைக் கப்பல்களுக்குச் சூட்டிவிட்டனர். இன்று நம் கரையிலும் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. பிரிக்கமுடியாத பெரிய வள்ளத்தை ஏற்றும்போது கீழே உருளையிட்டு இழுப்பார்கள். பத்துப் பேர் இருந்தால் மட்டும் போதாது. பத்துப் பேரும் ஒரே கணத்தில் இழுக்கவேண்டும். அதற்காகப் பிறந்ததே அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க, மற்றையோர் ஏலேலோ என்று ஏற்கும் அந்த இடத்திலே கைகளெல்லாம் ஒன்றாகும். பாட்டை இலக்கியமென்று தொகுத்த அறிஞர்கள் அது ஒரு கருவியென்பதைச் சிலவேளை மறந்துபோவதுண்டு.

இனி மருமகனின் மூன்று நடைக்கு வருவோம்.

இரண்டு கிலோமீற்றர்ப் பாதை. மூன்று நடை என்றால், சுமையோடு மூன்று முறை போகவேண்டும். வெறுங்கையோடு இரண்டு முறை திரும்பவேண்டும். ஆக ஐந்து முறை நடந்தது பத்துக் கிலோமீற்றர். ஒரு நடையைக் குறைத்தால் நான்கு கிலோமீற்றர் மிச்சம். சுமைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற, நடையின் தூரம் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஏறுகின்றது. இதிலே காலை வேகமாக வைப்பதனாற் பெறும் இலாபம் அற்பமானது. உண்மையான இலாபம் கட்டுவதிலே இருக்கின்றது. "என்னென்ன காவினாய்?" என்று கேட்டேன். தோணி, இரண்டு பெரிய முதுகுப் பைகள், பிறகு துடுப்புகள், தண்ணீர்ப் போத்தல், மீன்தூண்டில், பிள்ளைகளின் காற்சட்டை காயப்போட்ட கயிறு, ஒரு சட்டி. மூன்றாம் நடை முழுவதும் இந்தச் சில்லறைகளுக்காகவே நடந்தது. கையிலே தொங்குகிற பொருள் எதுவும் இருத்தலாகாது. துடுப்பைத் தோணியோடு கட்டு, சட்டியைப் பையினுள் இடு, பிள்ளை தன் துணியைத் தானே முதுகிற் போட்டுக்கொள்ளட்டும் என்றேன். சந்தைக்குப் போகும் நம் பெண்கள் பத்துச் சாமானை ஒரு கடகத்தில் அடக்கிய முறை இதுதான்.

அப்படிக் கட்டியும் தோணி ஒன்று, பை இரண்டு ஆக மூன்று சுமை, காவுவோர் இருவர். ஒருவர் மூன்றாஞ் சுமைக்காகத் திரும்பத்தான் வேண்டும். ஆறு கிலோமீற்றர் நடக்கத்தான் வேண்டும். வேறு வழி உண்டா?

இக்கணக்கை என் பதினோராம் வகுப்பிலே விடுகதையாகப் போட்டேன். இலக்கண பாடத்திலே கணக்கா என்று பிள்ளைகள் முதலில் விழித்தார்கள். சற்றுநேரத்திற் பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து, கரும்பலகையிலே கோடு கீறிக் காட்டினாள். ஒருவர் தோணியைக் கடைசிவரை கொண்டுபோகட்டும். மற்றவர் ஒரு பையைப் பாதிவழியில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து, மற்றப் பையைக் கடைசிவரை கொண்டுபோகட்டும். தோணிகொண்டு போனவர் பாதிவழி திரும்பி வந்து அங்கே இருக்கும் பையை எடுத்துக்கொள்ளட்டும். இருவருக்கும் நான்கு கிலோமீற்றர். ஒருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதில்லை. எனக்கு அந்த விடை கிடைப்பதற்கு முதல்நாள் இரவு ஒரு மணிநேரம் சென்றிருந்தது.

"அதுசரி, நடுவழியிலே வைச்ச பையைக் குரங்கு கொண்டுபோனால் என்ன செய்யிறது, சேர்?" என்று முன்வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவழியில் இறக்கும் இந்த உபாயத்தைப் பெரிய அளவிலே நடத்தியவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலே கனடாக் காடுகளில் உரோமத்தோல் வாணிகஞ் செய்த கொம்பனிகளின் கூலித் தோணிக்காரர். வொயாஜர் என்பது அவர்கள் பெயர். சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து புறா ஆறு எனப்படும் பிஜன் ஆறுவரை எட்டரைக் கட்டைத் தூரமுள்ள கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் பாதையை அவர்கள் காவியே கடந்தனர். ஒரு மூட்டை தொண்ணூறு இறாத்தல். நெற்றியிலே வாரிட்டு, முதுகிலே இரண்டு மூட்டை ஏற்றுவது ஓர் ஆளின் வழக்கமான சுமை. எட்டரைக் கட்டையையும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. பாதையைப் பதினாறு கூறாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் இறக்குமிடம் வகுத்திருந்தனர். அவ்விடத்திலே சுமையை வைத்துவிட்டு, அடுத்த சுமைக்காகத் திரும்பி நடப்பர். வெறுங்கையோடு திரும்பும் அந்த நடையே அவர்களுக்கு இளைப்பாறல். இருந்து ஆறினால் உடம்பு இறுகிப்போகும். நடந்து ஆறினால் இறுகாது. அவ்விறக்குமிடங்களைப் போஸ் என்றார்கள். தூரத்தைக் கட்டைக் கணக்கிற் சொல்லாமல், இத்தனை போஸ் என்றே சொல்லும் வழக்கமும் இருந்தது.

இவ்வளவையும் வாசித்தபோது, நம் தெருக்களிலே யாரும் திரும்பிப் பாராமல் நிற்கும் சுமைதாங்கிகள் என் கண்முன் வந்தன.

கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி என்று நான்கையுஞ் சேர்த்துச் சொல்வது நம்மூர் மரபு. மனிதனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர், நடப்பவனுக்கு நிழல், தினவெடுத்த மாடு உரஞ்சிக்கொள்ளக் கல், சுமப்பவனுக்குச் சுமை வைக்கும் இடம். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைக் கண்டவர்கள் இந்த அறத்தின் விரிவை அறிவர். தெருவுக்கே கூரையிட்டு, இருபுறமும் திண்ணை அமைத்திருக்கிறார்கள். சுமைதாங்கி அத்துணை எடுப்பானதன்று. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தினாற் போதும். அல்லது சுண்ணக்கல்லாற் கட்டிச் சாந்து பூசியிருப்பார்கள். உயரம் ஏறத்தாழ ஒருவரின் தோளளவு.

அந்த உயரத்திலேதான் அதன் அறிவு முழுவதும் இருக்கின்றது. தலைச்சுமையிலே கடினமான பகுதி நடப்பதன்று. ஆபிரிக்காவிலே தலைச்சுமையெடுத்துப் பழகிய பெண்களை அளந்து 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, தம் உடல் எடையில் ஐந்திலொரு பங்குவரை சுமந்தபோதும் அவர்கள் வெறுந்தலையோடு நடப்பதிலும் மிகுதியாகப் பிராணவாயுவைச் செலவிடவில்லை என்று கண்டது. கடினமாவது, தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவது. அதற்கு இன்னொருவர் கை வேண்டும். சுன்னாகஞ் சந்தைக்குக் கடகத்தோடு தனியே நடந்த பெண்ணொருத்தி, கழுத்து நொந்தாலும் இறக்கமாட்டாள். இறக்கினாற் "ஒருக்காத் தூக்கிவிடுங்கோ" என்று கேட்க ஆள் வரும்வரை நிற்கவேண்டும். சுமைதாங்கி அந்தக் கையின் வேலையைச் செய்கின்றது. முழங்காலைச் சிறிது மடக்கிக் கடகத்தைக் கல்லின்மேல் நகர்த்திவிடலாம். ஆறியபின் அதனருகே நின்று தலையை நீட்டி மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒருவரையும் இரக்க வேண்டுவதில்லை.

நேபாளத்துச் சுமைகாரர் இந்தக் கல்லைக் கையோடு கொண்டு திரிகிறார்கள். நெற்றிவாரிலே கூடையைச் சுமக்கும் அவர்கள் கையில் தொக்மா என்றொரு குட்டைத்தடி இருக்கும். தலைப்பிலே குறுக்குக்கட்டை தைத்தது. நிற்கும்போது அதனைக் கூடையின் அடியிலே முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே ஆறுவர். 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றிலே அளந்தபடி, மலைச்சந்தைக்குச் சென்ற ஆடவர் சராசரியாகத் தம் உடல் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கும், பெண்டிர் அறுபத்தாறு பங்குஞ் சுமந்தனர். அவர்களின் முறை விரைவன்று. மெல்ல நடத்தலும் அடிக்கடி நிற்றலுமே. வழியெங்கும் அரசமர நிழலிலே சுமைவைக்கும் மேடைகளும் உண்டு. இறந்தோரின் நினைவாக அவற்றைக் கட்டுவது அவர்கள் வழக்கம். இலண்டன் மாநகரத்துப் பிக்கடில்லித் தெருவிலும் 1861 ஆம் ஆண்டில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் வேண்டுகோளால் மரப்பலகையொன்றை இரும்புத் தூணில் நிறுத்திச் சுமைகாரர்க்கு விட்டனர். ஒன்றே ஒன்று, அதனையும் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் சுமைதாங்கிகளும் இறந்தோர் நினைவுக்கே எழுந்தவை. எல்லா இறப்புக்கும் அல்ல. வயிற்றிலே பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகவே அதனைக் கட்டுவார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமற் போன சுமையை, வழிப்போக்கர் தத்தஞ் சுமையை இறக்குந்தோறும் அவளும் இறக்கியவளாவாள் என்பது நம்பிக்கை. சிறுவயதில் எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள கல்லின்மேல் ஏறியிருந்து விளையாடியபோது, எங்கள் பாட்டி ஒருநாள் வந்து, ஒன்றும் ஏசாமல், எங்களைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். காரணத்தை அப்போது சொல்லவில்லை.

இனி நான் பின்னர்ச் சொல்வதாகக் கூறியதைச் சொல்லவேண்டும்.

1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டு ஆனையிறவுப் பாதை மூடுண்டது. அடுத்த ஆண்டின் பிற்பகுதியிலே, பூநகரியில் இராணுவ முகாம் அமைந்தபின், சங்குப்பிட்டித் துறையாற் செல்லும் வழியும் அற்றுப்போயிற்று. குடாநாட்டார் வன்னிப் பெருநிலத்துக்குப் போவதற்கு எஞ்சியது, ஆனையிறவுக்குக் கிழக்கே ஆழமற்ற கடனீரேரியைக் கடக்குங் கொம்படி ஊரியான் பாதை. பின்னர் அதுவும் போய்க் கிளாலி வந்தது. 1992 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே என் தமக்கை, கனடாவிலிருந்த கணவரிடஞ் செல்வதற்காக, மூன்று வயது மகனோடு கொழும்புக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று.

பாதை என்று சொன்னேன். ஓரிடத்திலே வள்ளம் மிதக்கும், ஓரிடத்தில் அடிதட்டும், அங்கே இறங்கி வள்ளத்தைத் தள்ளவேண்டும். தள்ளியும் நகராத இடத்தில் வள்ளத்தை விட்டு, முழங்காலளவு சேற்றிலே நடக்கவேண்டும். அக்காவின் இடுப்பிலே பிள்ளை. என் தலையிலே அம்மா கட்டிய சாக்கு: ஒடியல், மிளகாய்த்தூள், பனங்கட்டிக் குட்டான். கையிலே ஒரு சூட்கேஸ். இரவு, விளக்குக் கொளுத்தலாகாது. மூன்று சுமை, இரண்டு பேர். கரும்பலகையில் நான் எழுதியது அந்தக் கணக்கைத்தான், வகுப்புக்குத் தெரியாது.

நடுவழியிலே அக்காவின் கால் புதைந்தது. பிள்ளை அழுதான். அழுகைச் சத்தம் அங்கே ஆபத்து. எங்களோடு வந்த வயோதிப வள்ளக்காரர் ஒருவர், "தம்பி, உந்தச் சூட்கேசை அந்தத் திட்டியிலே வைச்சுப்போட்டுப் பிள்ளையை வாங்கும், பிறகு வந்து எடுக்கலாம்" என்றார். நியாயமான யோசனை. சூட்கேசைத் திட்டியில் வைத்தேன். சாக்கை அக்காவின் தலைக்கு மாற்றினேன். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் அழுகையை நிறுத்தினான். அக்கரை சேர்ந்து, அவனை அக்காவிடங் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

திட்டியைக் காணவில்லை. அங்கே திட்டிகள் பல. இருளிலே எல்லாம் ஒன்றுபோல. காற்று மாறி நீரும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரத்துக்குக் குறையாமற் சேற்றிலே தேடினேன். அக்கரையிலே உழவு இயந்திரம் புறப்படப் போகிறதென்று ஆள்விட்டு அழைத்தார்கள். வெறுங்கையோடு போனேன். கடவுச்சீட்டையும் பத்திரங்களையும் அக்கா மடியிற் கட்டியிருந்தபடியாற் பயணம் தடைப்படவில்லை. சூட்கேசிலே உடுப்புகளும், கலியாணப்பட அல்பமும், அந்த அல்பத்தினுள் எங்கள் தந்தையாரின் படமும் இருந்தன. அவர் படம் பிடிக்க உடன்படாதவர். ஒருமுறையே உடன்பட்டார், அக்காவின் கலியாணத்திலே. "விடு தம்பி, பிள்ளை இருக்கிறான்" என்றார் அக்கா. அதற்குப்பின் இன்றுவரை அதைப்பற்றி ஒரு சொல்லும் அவர் சொன்னதில்லை.

என் பிழை இறக்கிவைத்ததன்று. அடையாளமில்லாத இடத்தில் இறக்கியது. கிராண்ட் போர்ட்டேஜிலே பதினாறு இடத்தையும் எல்லாரும் அறிந்திருந்தார்கள். சுமைதாங்கி தெருவோரத்திலே, இருளிலுந் தெரியும்படி சுண்ணாம்பு பூசி, சந்தியிலும் வளைவிலும் நின்றது. நானோ, அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் சுமை வைத்திராத இடத்திலே வைத்தேன். ஒரு துணியைக் கிழித்துத் தடியிற் கட்டி நட்டிருக்கலாம். அந்தக் கணத்திலே தோன்றவில்லை.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியிலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்த இரவையும் நான் நடந்தேன். சைக்கிளின் கரியரிலும் கைப்பிடியிலும் மூட்டை. பலருக்குத் தலையிலும் மூட்டை. அங்கே திரும்பிவந்து எடுப்பதென்ற கணக்கே இல்லை. எல்லாருக்கும் ஒரே நடை. வியட்நாமியர் 1954 ஆம் ஆண்டில் தியன் பியன் பூவுக்குச் சைக்கிளிலே இருநூறு கிலோவளவு ஏற்றித் தள்ளிச் சென்ற செய்தியைப் பிற்காலத்திலே படித்தபோது, அவர்கள் கைப்பிடியிலே நீண்ட மூங்கிலைக் கட்டிச் சுக்கான்போலத் திருப்பினார்கள் என்று கண்டு, அந்த இரவிலே அது தெரிந்திருந்தால் என்று எண்ணினேன்.

மருமகனிடம் கொம்படியைப்பற்றி நான் சொல்லவில்லை. சொன்னவை இவ்வளவே: சுமைகளின் எண்ணிக்கையைக் குறை. எந்தச் சுமை யாருடையதென்று கரையிலே இறங்குமுன்னரே வகுத்துக்கொள். நடுவழியில் வைப்பதானாற் பாதையின் நடுவே, இருவரும் அறிந்த மரத்தடியிலே, சிவப்புத்துணி கட்டி வை. பிள்ளைகளை எந்த நடையிலும் தனியே விடாதே. அவர்களுக்காக நடை கூடினாற் கூடட்டும். புறப்படுமுன் ஒருவர் நின்று, இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும். "நீங்கள் எப்ப மாமா கனூவிலே போனீங்கள்?" என்று கேலி செய்தான்.

ஆடி மாதத்திலே போய்வந்தான். அதே இரண்டு கிலோமீற்றர்ப் பாதை. "ஒன்றரை நடை, மாமா" என்று வந்து சொன்னான். பிள்ளைகள் தாயோடு நடந்தபடியாற் பாதிவழிக் கணக்கிலே சிறிது பிசகியதாம். ஆயினும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அடுத்த ஏரியிலே இறங்கிவிட்டார்கள். ஒரு படமும் அனுப்பியிருந்தான். காட்டுப்பாதையின் ஓரத்திலே இரண்டு மரங்களுக்கு இடையே, ஆளுயரத்துக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு தடி. அதன்மேல் தோணியின் மூக்கு சார்ந்திருக்கின்றது. வால் தரையில் ஊன்றியிருக்கின்றது. கீழே அவன் நின்று வியர்வையைத் துடைக்கிறான். நுகத்தைத் தரைவரை இறக்காமல், ஆறியபின் அப்படியே தோள்கொடுத்து எடுத்துக்கொள்வதற்காகப் பாதையமைத்தவர்கள் கட்டிவைத்ததாம். "இதுக்குத் தமிழிலே பேர் இருக்குமா, மாமா?" என்று எழுதியிருந்தான். பேரை எழுதி அனுப்பினேன்.

அம்மப்பாவின் படம் ஒன்று இருக்கிறதா என்று சில ஆண்டுகளுக்கு முன் அவன் கேட்டபோது, வீட்டிலே இல்லையென்று மாத்திரஞ் சொன்னேன். இக்கட்டுரை அச்சானதும் அவனுக்கு அனுப்பவேண்டும். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அவனுக்கு ஒரு வாரம் செல்லும். அக்காவுக்கு முதலிலே நானே வாசித்துக் காட்டவேண்டும்.

வருகிற ஆண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறானாம். சந்தியிலுள்ள கல்லைக் காட்டலாமென்று நேற்று மாலை போய்ப் பார்த்தேன். கல் இருக்கின்றது. தெருவுக்கு மேலும் மேலும் தார் போட்டுப் போட்டு நிலம் உயர்ந்துவிட்டது. ஒருகாலத்திலே தோளுக்கு நின்ற கல் இப்போது என் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கின்றது. கையிலிருந்த பையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், குனிந்துதான் வைக்கவேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியார், பஸ்ஸுக்கோ?" என்று கேட்டார்.